ஒரு ஜோடி வேடர்

சென்ற செவ்வாய்க்கிழமை மதுரையில் மழை பெய்தது. நம்ப மறுப்பவர்கள் என் கணவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவர் முழுவதும் நனைந்தவர்.

மறுநாளே அவரை டவுன்ஹால் ரோட்டிலுள்ள ஒரு கடைக்கு அழைத்துச் சென்றேன், மழைக்கோட்டு வாங்குவதற்காக. கடைக்காரர் ரப்பர் பூசியது ஒன்றை எடுத்து உதறி விரித்தார். பளபளப்பு கண்ணைப் பறித்தது. நான் பளபளப்பைப் பார்க்கவில்லை. கோட்டை உட்புறமாகத் திருப்பி, தையல் தையலாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மழைக்கோட்டு ஒழுகுவது துணியில் அன்று, தையலில். தையலின் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா? அக்குளில் காற்றுக்குத் துளை விட்டிருக்கிறார்களா? துளை இல்லையென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மழை வெளியே நனைக்குமுன் வேர்வை உள்ளே நனைத்துவிடும்.

பிறகு கோட்டை அவருக்கு அணிவித்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கச் சொன்னேன்.

"கையத் தூக்கிக்கிட்டு மழையில நான் என்ன செய்யப்போறேன், கிரேஸ்?"

"குடை பிடிப்பீங்க."

"மழைக்கோட்டுப் போட்டதுக்கு அப்புறம் எதுக்குக் குடை?"

"கோட்டு நனையாம இருக்க."

கடைக்காரர் எங்கள் சம்பாஷணையை ரசித்துவிட்டு, கோட்டை மடித்துக்கொண்டே ஓர் இலவச ஆலோசனையும் வழங்கினார். "நல்ல சரக்கு டீச்சரம்மா. மாசம் ஒருக்க லேசா நல்லெண்ணெ தடவி வைங்க. அம்புட்டுத்தான். உங்க பேரன் வரைக்கும் போடலாம்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கடையின் விட்டத்தைப் பார்த்தார்.

எண்ணெய்! இந்த ஊரில் எதற்குத்தான் எண்ணெய் தடவ மாட்டோம்? தலைக்கு, கதவுக் கீலுக்கு, வண்டி அச்சுக்கு, பிறந்த குழந்தைக்கு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளைக்கு... எதன்மேல் அன்பு வந்தாலும் நம் கை முதலில் எண்ணெய்க் கிண்ணத்தைத்தான் தேடும். ரப்பர் ஒன்றுதான் அந்த அன்பைத் தாங்காத பொருள். இதை நானும் அவரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அதைத் தெரிந்துகொண்டது வெள்ளைக்காரர் காலத்தில். அப்போது எங்களுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வைகையின் வடகரையில் குடியிருந்தோம். அவர் நீர்ப்பாசன ஆபீஸில் குமாஸ்தா. நான் மிஷன் பெண்கள் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இருவரும் நிம்மதியாக இருந்தோம். அதனாலேயே போலும், அவருக்குப் பல்லாரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பல்லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயம் மட்டுமே.

அவர் போனால் நானும் போக வேண்டும். நான் போனால் பள்ளியை விட வேண்டும். என் வகுப்பிலிருந்த பெண்களில் பாதிப் பேரை நான் வீடு வீடாகச் சென்று, தந்தையிடம் பேசி, தாயிடம் பேசி, கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக் குடித்து அழைத்து வந்திருந்தேன். அந்தக் காப்பியை எனக்குப் பின் யார் குடிப்பார்கள்? "நீங்க இருக்குற வரைக்கும் அனுப்புறோம் டீச்சர்" என்பதுதான் அந்தப் பெற்றோர்கள் கொடுத்திருந்த வாக்கு. என் கணவர் அதை அறிவார். அதனால்தான் உத்தரவைப் படித்த அன்று அவர் இரவு உணவில் உப்பில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

உத்தரவை ரத்துச் செய்யக்கூடியவர் ஒருவர் இருந்தார். புதிதாக வந்திருந்த துரை. நல்ல மனிதர் என்றுதான் பேச்சு. ஆனால் ஒரு குமாஸ்தா துரையிடம் பேசுவதென்றால் தலைமைக் குமாஸ்தாவின் அனுமதி வேண்டும். தலைமைக் குமாஸ்தாவோ, காலியாகப் போகும் நாற்காலியில் தம் மைத்துனரை உட்காரவைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம். வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாய் ஒன்று அந்த ஐப்பசி மழையில் நிறைந்து தளும்புவதைக் கேள்விப்பட்டுச் சனிக்கிழமை அங்கே தூண்டில் போடத் தீர்மானித்தார். தண்ணீரில் இறங்கி நிற்பதற்கென்று அவர் சீமையிலிருந்து கொண்டுவந்திருந்த உடுப்பைக் கப்பலில் எலி கடித்துவிட்டதாம். அவர் வராந்தாவில் நின்று யாரிடமென்றில்லாமல் புலம்பியபோது, அந்தப் பக்கமாகக் காகிதக் கட்டோடு போன என் கணவர், "நான் ஏற்பாடு செய்கிறேன், சார்" என்று சொல்லிவிட்டார். கண்மாய்க் கரையில் தலைமைக் குமாஸ்தா இருக்க மாட்டார் அல்லவா?

உடுப்பு விஷயமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று அவர் அவசரமாகக் காம்ப் கிளம்பும்போது என்னிடம் சொன்னது இவ்வளவே: "சனிக்கிழமை துரையக் கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போறேன். மாற்றலப் பத்தி அங்க வச்சுப் பேசிரலாம். அவருக்கு வேண்டியதுக்குக் கொடைக்கானல்ல தாமஸுக்குச் சொல்லிவிட்டாச்சு. வந்துரும்."

தாமஸ் அவருடைய வகுப்புத் தோழர். மலையில் துரைமார்கள் மீன் பிடிக்கும் சங்கம் ஒன்றில் சாமான்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார்.

வியாழக்கிழமை மாலை, மைதீன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். கொடைக்கானலுக்கும் மதுரைக்கும் பஸ் ஓட்டுபவர், எங்கள் தெருக்காரர்.

"டீச்சர்! தாமஸ் சார் சொல்லிவிட்டாரு. சார் கேட்ட வேடர் ஒரு ஜோடி, நாளைக்கு என் பஸ்ஸில வருது."

வேடர்! அப்படியானால் துரைக்கு வழிகாட்ட மலையிலிருந்து வேட்டையாடுவோர் இருவரை அல்லவா வரவழைத்திருக்கிறார்? என் கணவரின் சாமர்த்தியத்தை வியந்தேன். ஆனால் அதற்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது.

"வேடர் 'வருது'ன்னு சொல்லலாமா அண்ணே? காட்டுல வேட்டையாடிப் பிழைச்சா அவங்க மனுஷங்க இல்லையா? உயர்திணை, அண்ணே. வேடர் வருகிறார்கள்."

டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முடிவுக்கு மைதீன் அண்ணன் வந்தார்.

"சரி டீச்சர். வாராக."

"ஜோடின்னா... புருஷன் பெஞ்சாதியா?"

"அது தெரியல டீச்சர். ஒண்ணோட ஒண்ணு சேந்தேதான் இருக்கும்... இருப்பாகளாம். பிரிக்க முடியாதாம்."

"நல்ல மனசு" என்றேன்.

"இன்னும் கேளுங்க. வெயில் ஆகாதாம். எண்ணெ அறவே ஆகாதாம். எலி அண்டாமப் பாத்துக்கிறணுமாம். ஈரமாயிட்டா நல்லாத் துடைச்சுப் பவுடர் போட்டு விடணுமாம். அப்புறம் ராத்திரிக்கு..." அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டார். "ராத்திரிக்கு ரெண்டு காலையும் கட்டித் தலைகீழாத் தொங்க விடணுமாம்."

"யாரை?"

"அவுகளத்தான்."

"தாமஸ் சாரா அப்படிச் சொன்னார்?"

"திரும்பத் திரும்பச் சொன்னாரு டீச்சர். 'மறந்துறாத மைதீனு, தொங்க விடலைன்னா வீணாப் போயிரும்'னாரு. எனக்கென்ன தெரியும்? மலையில இருக்குறவுக வழக்கம்."

படித்தவர்களுக்கு ஒரு துன்பம் உண்டு. எவ்வளவு விபரீதமான செய்தியைக் கேட்டாலும் அதற்குப் பொருத்தமாக எங்கோ படித்தது ஒன்று நினைவுக்கு வந்துவிடும். மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கித் தவமிருந்தவர்களைப் பற்றி நான் படித்திருந்தேன். ஆகவே தொங்குவது விரதம். எண்ணெய் ஆகாது என்பது பத்தியம். வெயில் ஆகாது — குளிர்ந்த மலையில் வாழ்பவர்களுக்கு எப்படி ஆகும்? பவுடர் சற்று இடித்தது. ஆனால் அலங்காரத்தில் ஆசை யாருக்குத்தான் இல்லை?

அடுத்த வீட்டு ஜைனம்புவிடம் சுவருக்கு இப்பால் நின்று யோசனை கேட்டேன். என்னைவிட இளையவள், சமையலில் என்னைவிட எவ்வளவோ மூத்தவள்.

"வேட்டைக்காரகளுக்குப் பருப்புச் சோறாக்கா போடப் போறீக? ஊருக்குப் போயி என்னா சொல்லுவாக நம்மளப் பத்தி? நாளைக்கு வெள்ளிக்கெழம, எங்க வீட்டுல கறி எடுப்போம். நானே ஆக்கித் தாரேன்."

"எண்ணெய் ஆகாதாம், ஜைனம்பு."

"எண்ணெ இல்லாமக் கறியா?" அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். பிறகு முகம் தெளிந்தது. "எண்ணெ ஆகாதுன்னுதானே சொன்னாக? நெய் ஆகாதுன்னு சொல்லலையே?"

மறுக்க முடியாத வாதம். அவளைப் படிக்கவைத்திருந்தால் ஜில்லா கோர்ட்டில் பெரிய வக்கீலாகியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நானும் அவளுமாக ஏற்பாடுகளில் இறங்கினோம். வெயில் படாத பின்னறையைப் பெருக்கிப் பாய் விரித்தோம். எலிப்பொந்தை அடைத்தோம். தொங்குவதற்குத்தான் வசதி போதவில்லை. கூடத்தில் தொட்டில் கட்டும் கொக்கி ஒன்றே ஒன்று. இருவரும் மாறி மாறித் தொங்கிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். கொக்கி தாங்குமா என்று ஜைனம்பு பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். தாங்கியது.

விளக்கேற்றும் நேரத்தில் மைதீன் அண்ணன் வந்தார். தோளில் நீளமான சாக்கு மூட்டை. அவருக்குப் பின்னாலேயே காம்ப் முடித்து என் கணவரும் வந்து சேர்ந்தார்.

"அவங்க எங்கே அண்ணே?" என்றேன், தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டு.

"இந்தா இருக்காகளே!" மூட்டையை மெல்லக் கீழே இறக்கினார். "மேல போட்டா வெயில் படும்னு எம் பக்கத்து சீட்டுல உக்கார வச்சுக் கூட்டியாந்தேன். வத்தலக்குண்டுல ஒரு செட்டியாரு நகரச் சொன்னாரு. 'பெரியவுக இருக்காக, நீங்க பின்னாடி போங்க'ன்னுட்டேன்."

மூட்டை அவிழ்ந்தது. உள்ளிருந்து இரண்டு கால்கள் வெளிவந்தன. தடித்த, பச்சை கலந்த சாம்பல் நிறக் கால்கள். பாதம் இருந்தது, முழங்கால் இருந்தது, மார்பு வரை உடம்பு இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

"யா அல்லா!" என்று அலறினாள் ஜைனம்பு. "மேல்பாதி எங்க அண்ணே?"

என் கணவர் சிரிக்க ஆரம்பித்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆற்றிலும் குளத்திலும் இறங்கி நின்று மீன் பிடிக்கும் துரைமார்கள் நனையாமலிருக்க அணியும் ரப்பர் காற்சட்டை அது. இங்கிலீஷில் அதற்கு 'வேடர்ஸ்' என்று பெயர். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் கறி ஆறிப்போயிற்று. நான்கு பேருமாகச் சாப்பிட்டோம். விருந்தினர் மட்டும் கொக்கியைப் பார்த்தபடி மூலையில் சாய்ந்திருந்தார்கள்.

சாப்பிட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. "நாளைக்கு இது ஒழுகாம இருந்தாத்தான் கிரேஸ் நான் வாயத் திறக்க முடியும்" என்றார். கிணற்றடிக்கு எடுத்துப் போய், உள்ளே வாளி வாளியாக நீர் ஊற்றி, வெளியே எங்காவது கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். கசிவில்லை. இன்றும் நான் சிபாரிசு செய்யும் பரீட்சை இதுதான். நீரைத் தடுப்பதாகச் சொல்லும் எதையும் நீரைக் கொண்டே சோதியுங்கள். நீரைக் கொட்டிவிட்டு உட்புறத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். எல்லாம் சரி. ஆனால் முழங்கால் மடிப்புகள் மட்டும் அப்பளம்போல் காய்ந்து மொடமொடத்தன.

"துரை எப்படிக் குனிவாரு?" என்றார்.

"எண்ணெய் கூடாதுன்னு தாமஸ் சொல்லியிருக்கார்" என்றேன். சொல்லிவிட்டு, காம்போசிஷன் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால், வேடர் இருவரும் தொட்டில் கொக்கியில் முறைப்படித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மேனி மின்னியது. கீழே தரையில் மஞ்சளாக ஒரு சிறு குளம். குளத்தைச் சுற்றி மதுரை மாநகரத்து எறும்புகள் அனைத்தும் கூடியிருந்தன.

"எண்ணெய் வேண்டாம்னு சொன்னேனே?"

"எண்ணெய் இல்லையே. நெய்" என்றார் அவர். பிறகு, சற்றுப் பெருமையாகவே, "பசு நெய்" என்றார்.

ரப்பருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. எண்ணெயோ, நெய்யோ, எந்தப் பசையும் அதற்கு விஷம். முதல் நாள் அப்பளமாக இருந்தது, மறுநாள் அல்வாவாகியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இரண்டு கால்களும் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒட்டிக்கொண்டிருந்தன. பிரிக்க முடியாத ஜோடி என்று மைதீன் அண்ணன் சொன்னதில் என்ன பிழை?

அவர் முகம் வெளிறிவிட்டது. "போச்சு கிரேஸ்... பல்லாரிதான்" என்றார். அந்தக் குரலைக் கேட்டபின் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு காலாகப் பிடித்துப் பிய்த்தோம். என் முகப்பவுடர் டப்பா முழுவதையும் உள்ளும் புறமும் கொட்டித் தேய்த்தோம். ஒருவாறு பிரிந்தது. அதைச் சுமந்துகொண்டு அவர் கிளம்பினார். திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு தம்முடையது என்பதால் மைதீன் அண்ணனும் கூடவே போனார்.

கண்மாயில் நடந்ததை நான் பார்க்கவில்லை. என் கணவர் ஒருவிதமாகச் சொன்னார், மைதீன் அண்ணன் வேறுவிதமாகச் சொன்னார். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

துரை அதை அணிந்துகொண்டதும் முகர்ந்து பார்த்திருக்கிறார். நெய்யும் ரோஜாப் பவுடரும் கலந்த வாசனை.

"இது என்ன?"

"பிரிசர்வேடிவ், சார். லோக்கல்."

தண்ணீரில் இறங்கினார். பவுடர் கரைந்தது. நெய் மிதந்தது. கண்மாயிலிருந்த கெண்டைக் குஞ்சுகளெல்லாம் துரையின் கால்களை மொய்த்துக்கொண்டன. இப்படி மீன் கூடி வரவேற்றதை உலகத்தில் எங்கும் கண்டதில்லை என்று துரை பரவசப்பட்டு, ஓரடி முன்னால் எடுத்து வைக்கப் பார்த்தார். வரவில்லை. கால்கள் மறுபடியும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு துள்ளுத் துள்ளினார். அடுத்த துள்ளலில் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று பேர் சேர்ந்து அவரைக் கரையேற்றினார்கள்: என் கணவர், மைதீன் அண்ணன், மடை திறக்கும் கருப்பன். உடுப்பைக் கழற்ற வேண்டுமே? அதற்குள் உட்புறமும் இளகிக் காலுறையைப் பிடித்துக்கொண்டது. துரை மல்லாந்து படுத்து, இரண்டு கைகளாலும் மடைக்கல்லைக் கட்டிக்கொண்டு, "புல்! புல்!" என்று கத்தினார். இழு என்று இங்கிலீஷில் சொல்கிறார் என்பது கருப்பனுக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய் ஒரு கை நிறையப் புல் அறுத்து வந்து நீட்டினார்.

"துரைக்குப் புல்லு எதுக்குண்ணே? தலைக்கு வச்சுக்கவா?"

"பேசாம இரு மாப்ள" என்றிருக்கிறார் மைதீன் அண்ணன்.

கத்தியால் கிழித்துவிடலாம் என்று என் கணவர் பேனாக்கத்தியை எடுத்ததும் அண்ணன் குறுக்கே விழுந்து தடுத்தார். "வேணாம் சார்! தொரைக்குக் கீறுனாலும் ஆறிரும். இவுகளுக்கு ஆறுமா? தாமஸ் சாருக்கு நானுல்ல பதில் சொல்லணும்!"

ஆக, இழுப்பதைத் தவிர வழியில்லை. என் கணவர் துரையின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு இழுத்தார். இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்ததாம்: சுற்றிலும் தண்ணீர், வயல், கொக்கு. தலைமைக் குமாஸ்தா இல்லை. துரை எழுந்து போகவும் வழியில்லை.

"சார், பல்லாரி மாற்றல் விஷயமாக..."

"இப்போதா?"

"ஆபீஸில் என்னை உள்ளே விட மாட்டார்கள், சார். என் மனைவி இங்கே பள்ளி ஆசிரியை. நாங்கள் போனால் அவள் வகுப்பில் பாதிப் பெண்கள் படிப்பை நிறுத்திவிடுவார்கள்."

துரை வானத்தைப் பார்த்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தாராம். "ரத்துச் செய்கிறேன். முதலில் இழு!"

வலது கால் 'பளக்' என்று கழன்றது. இடது காலுக்கு வெகு நேரம் பிடித்தது. அந்த நேரமெல்லாம் துரை என் வகுப்புப் பெண்களைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருந்தார் என்று கேட்டபோது, அந்த மனிதர்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை. தாமஸின் சங்கத்துக்கு அவரே புதிதாக ஒரு ஜோடி வரவழைத்தும் கொடுத்துவிட்டார்.

ஆகையால், புதிதாக மழைக்கோட்டு வாங்கியிருக்கும் வாசக நேயர்களே: நிழலில் உலர்த்துங்கள். மடிக்காமல் தொங்க விடுங்கள். மடிப்பு ஒட்டாமலிருக்கப் பவுடர் தூவுங்கள். எண்ணெய் வேண்டாம். வெண்ணெய் வேண்டாம். நெய்யும் வேண்டாம் — எந்தப் பசுவினுடையதானாலும்.

திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு ரத்தாயிற்று. தலைமைக் குமாஸ்தாவால் தாங்க முடியவில்லை. என் கணவரைத் தனியே அழைத்து, "நிஜத்தச் சொல்லு, யாரு காலைப் பிடிச்சே?" என்று கேட்டாராம்.

"துரை காலைத்தான், சார்" என்றாராம் இவர். "வலது கால் சுலபமா வந்துருச்சு. இடதுதான் கொஞ்சம் சிரமம்."